வந்தான், கைநாட்டு வைத்தான்

எங்கள் பக்கத்தில் யாரையாவது திட்டுவதென்றால் "கேடிப் பய" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் பென்சிலை எடுத்த பையனை நானே அப்படித் திட்டியிருக்கிறேன். அது வெறும் வசவு இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெயரில் ஒரு பதிவேடே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது வேலைக்குப் போன பிறகுதான். ஒருமுறை தண்டனை பெற்று வெளியே வந்தவன், மறுபடியும் செய்வான் என்று போலீஸ் நினைத்தால் அவனுக்கென்று ஒரு தாள் திறப்பார்கள். அன்றிலிருந்து அவன் கேடி. மாதம் ஒருமுறை வந்து கைநாட்டு வைக்க வேண்டும். அந்தத் தாள்களை டைப் அடித்துப் பராமரிப்பது என் முதல் வேலை.

எழுபதுகளின் கடைசி. நான் போளூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, தமிழ் டைப்பில் ஹையர் பாஸ் பண்ணி, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாள் கார்டு வந்தது. மலையடிவாரத்தில் வேறொரு ஊரில், போலீஸ் ஆபீஸில், தற்காலிக டைப்பிஸ்ட். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் டைப் மிஷின் முன்னால் உட்காரப் போவது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மேலே போய், பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கொல்லைக்காட்டுக்குப் போனேன். அப்பா சாமையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா கூழ் கொண்டுவந்திருந்தாள்.

"எந்த ஆபீஸு?" என்றார் அப்பா.

"போலீஸ் ஆபீஸுப்பா. டைப் அடிக்கிற வேலை."

களைக்கொட்டைக் கீழே வைத்தார். "அந்த வேல வேணாம் பாப்பா."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். வேற வேல வரும்."

"இதுக்கே எவ்ளோ நாளா காத்துனு கீறேன். இதுல இன்னா தப்பு?"

"பொம்பளப் புள்ள, போலீஸ்காரங்க நடுவுல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மறுபடியும் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தார். பயிரையும் சேர்த்துப் பிடுங்கினார்.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போவட்டும் வுடு. இன்னிக்கி இல்லன்னா என்னிக்கோ ஒரு நாளு" என்றாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. வேலைக்குப் போகத்தானே வேண்டும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கீழே இறங்கும்போது அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. காக்கிச் சட்டையைத் தூரத்தில் பார்த்தாலே பாதை மாறிப் போகிற மலைக்காரர்களில் அவரும் ஒருவர், உலகம் தெரியாதவர் என்று நினைத்தேன். ஹாஸ்டலில் மற்ற பெண்கள் "மலையில பேய் மாதிரி இருப்பாங்களாமே" என்று கேட்டபோது வந்த அதே வெட்கம்தான்.

ஆபீஸும் ஸ்டேஷனும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. என் மிஷின் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே ஸ்டேஷன் வராண்டா. இன்ஸ்பெக்டர் அதிகம் பேசமாட்டார், சிவப்பு மையால் கோடு போடுவார். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஏட்டு. வாணியம்பாடி முஸ்லிம் வீட்டுக்காரர், தோல் கிடங்கில் அண்ணன் தம்பிகள் எல்லாம் சம்பாதிக்க, தான் மட்டும் போலீஸுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார். என்னை "பேட்டி" என்றுதான் கூப்பிடுவார், உருதுவில் மகள் என்று அர்த்தம்.

பழைய தாள்களில் மை மங்கி, ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. முதல் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாக டைப் அடிக்கச் சொன்னார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், அங்க அடையாளம், யாரோடு சகவாசம், குற்றம் செய்யும் விதம். அதன் கீழே, மாதா மாதம் அவன் வந்தானா, என்ன செய்கிறான் என்ற குறிப்பு.

"கேடிக்கு 'ன்' போடணும். சாட்சிக்கு 'ர்'. புகார் குடுத்தவருக்கும் 'ர்'. இத மட்டும் மறக்காத பேட்டி, மத்ததெல்லாம் பழகிடும்" என்றார் ஏட்டு.

பழகித்தான் போனது. வந்தான், கைநாட்டு வைத்தான், கூலி வேலை செய்து வருகிறான். வந்தான், கைநாட்டு வைத்தான், நாடகம் பார்க்கப் போயிருந்தான். ஒவ்வொரு தாளும் ஒரு கதை மாதிரி இருந்தது. கோயில் உண்டியலில் தேன் தடவிய குச்சியை விட்டுக் காசு எடுத்தவன், ஆட்டுக்கு வாயைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனவன். படித்துவிட்டு மத்தியானம் சாப்பிடும்போது போலீஸ்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி துண்டு எடுத்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை வராண்டாவில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அதில் பாதிப் பேர் மலைக்காரர்கள். நான் ஜன்னலைப் பாதி சாத்திவிட்டேன். பீடிப் புகை ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரர் யாராவது இருந்து, என்னைப் பார்த்து "நம்ம வூட்டுப் பொண்ணு" என்று கூவிவிடுவார்களோ என்பதுதான் உண்மையான பயம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, மலை மேல் டூட்டி பார்க்கிற கான்ஸ்டபிள் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வராண்டாவைத் தாண்டி நேராக ஆபீஸுக்குள்ளேயே வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டியிருந்ததாம்.

"கைநாட்டு வெக்க வராம டிமிக்கி குடுத்துனு இருந்தான் ஏட்டய்யா. கொல்லையிலியே புடிச்சேன்."

நான் தலையை நிமிர்த்தினேன். அப்பா. நான் வாங்கிக் கொடுத்தனுப்பிய துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் மேசைக்கு எட்டடி தள்ளி நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா வரல?" என்று கேட்டார் கான்ஸ்டபிள். அவருக்கு என் வயதைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"ஒடம்பு சரியில்லீங்க."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வாய் தானாகத் திறந்து "அப்பா" என்றது.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பாவும் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

"இந்தம்மா யாருங்க?" என்றார் கான்ஸ்டபிளிடம். "ஆள் மாறிப் பாக்குது போல கீது."

கான்ஸ்டபிள் சிரித்தார். "மலக்காரன் எல்லாம் ஒரே சாடைதான்மா" என்றார். ஏட்டு சிரிக்கவில்லை. என் வேலை விண்ணப்பத்தில் அப்பா பெயரையும் ஊரையும் படித்தவர் அவர். மைத்தட்டை இழுத்து வைத்தார். அப்பாவின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார். நான் உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை இன்றைக்கும் யாரிடமும் சொல்லக் கூசும். அப்பா என்னைத் தெரியாது என்று சொன்னதும் முதலில் வந்தது வலி இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. தப்பித்தேன் என்று இருந்தது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் அந்த மூச்சை நினைத்துத்தான் வந்தது.

தலைவலி என்று சொல்லி வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மேலே போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அப்பா கொட்டகைத் தூணில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மை இருந்த விரலை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா என்னத் தெரியாதுன்னு சொன்ன?"

"நீ எதுக்குக் கூப்ட்ட?" கோபமாகக் கேட்டார். அவ்வளவு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. "நான் எதுக்கு வராம கெடந்தேன்? நீ பாக்கக் கூடாதுன்னுதான? அவ்ளோ பேரு நடுவுல எழுந்து நின்னுனு அப்பாங்கிற. சம்பளம் வாங்குற எடம் அது. கேடி பொண்ணுன்னு ஒரு தபா ஆயிட்ச்சின்னா, அப்புறம் மாத்த முடியுமா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலை மண்ணாகும் என்று தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"அந்த வருஷம் சாமை பூ எடுக்கறப்பவே காஞ்சிப்போச்சி. கேவுரும் இல்ல. கீழ இருந்து ஒரு ஆளு வந்தான். கட்டய அறுத்து வெச்சிகீறோம், தலமேல தூக்கினு வந்து அடிவாரத்துல போட்டா போதும்னான். மொத ரெண்டு தபா ஒண்ணும் ஆவல. மூணாவது தபா புடிச்சிக்கினாங்க. வாங்கினவன் யாருன்னு கேட்டு அடிச்சாங்க. எனக்கு இன்னா தெரியும்? இருட்டுல வந்தான், இருட்டுல போய்ட்டான்."

"சந்தனமா?"

தலையை ஆட்டினார். "வேலூர்ல ஆறு மாசம். ஒன்கிட்ட கொடகுன்னு சொல்லச் சொன்னேன் ஒங்கம்மாவ."

எனக்கு அந்தக் குடகு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் அப்பா குடகில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் திரும்பி வந்தபோது தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. குளிர்ப் பிரதேசத்தில் பேன் அதிகம் என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் அவர் கீழே சந்தைக்குப் போனார். சில மாதம் தோளில் புளி மூட்டை இருக்கும். சில மாதம் வெறுங்கையோடு போவார். சந்தைக்கு வெறுங்கையோடு எதற்குப் போகிறார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. காட்டில் எங்கே கட்டை காணாமல் போனாலும் அவரைத்தான் முதலில் கூப்பிட்டுப் போனார்களாம். அந்த நாட்களில் அம்மா, "பலாவுக்குக் காவலுக்குப் போய்கீது" என்பாள்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் கேட்டார். "அதுல என்னப் பத்தி எழுதி வெச்சிருப்பாங்களே. நீ படிச்சியா?"

"இல்லப்பா. இன்னும் அந்த நம்பருக்கு வரல."

"படிக்காத" என்றார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான். மாதக் கடைசியில் அறிக்கை டைப் அடிக்கும் நாள் வந்தது. ஏட்டு மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"நீ சேர்ந்த அன்னிக்கே இத எடுத்து உள்ள வெச்சிட்டேன் பேட்டி. ஒன் கைக்கு வராமப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அந்தப் பையன் நேரா உள்ள கூட்டினு வந்துட்டான். நான் கையாலியே எழுதிடறேன், நீ மத்தத அடி."

"வேணாம் சார். குடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வைராக்கியம் என்று அப்போது நினைத்தேன். படித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அது.

மேலே ஓரத்தில் ஜெயிலில் எடுத்த போட்டோ, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அப்பாவின் உயரம் எழுதியிருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே வெட்டுத் தழும்பு, வலது காதோரம் மச்சம். அந்த மச்சத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை. குற்றம் செய்யும் விதம் என்ற இடத்தில், "இரவில் தலைச்சுமையாகக் கடத்துவான். சாதுவைப் போல் நடிப்பான்" என்றிருந்தது.

நான் தாளைச் செருகி, அந்த மாதத்துக் குறிப்பை அடிக்க ஆரம்பித்தேன். "வந்தார். கைநாட்டு வைத்தார். முதல் திங்கட்கிழமை வராததற்கு உடல்நலக் குறைவு என்றார்." அடித்துவிட்டு நிறுத்தினேன். ஒருவருக்கு மட்டும் 'ர்' போட்டால் கண்ணை உறுத்தும். அதனால் அந்த மாத அறிக்கையை முதலிலிருந்து எடுத்து, எல்லாருக்கும் 'ர்' போட்டு அடித்தேன். ஆடு தூக்கினவருக்கும் போட்டேன், உண்டியல் குச்சிக்காரருக்கும் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் அடித்தேன். வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஏதோ நல்லது செய்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். தாள் முழுக்க சிவப்பு வட்டம்.

"என்னம்மா இது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த மாதிரி, வந்தார் போனார்னு?"

நான் தாளை வாங்கிக்கொண்டேன்.

"கேடிக்கு என்ன மரியாதை? ஏட்டு சொல்லித் தரலையா?"

இவர்களில் ஒருவர் என் அப்பா என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. வேறு மேசைக்கு மாற்றியிருப்பார், அவ்வளவுதான். "கை தவறிடுச்சு சார்" என்றேன்.

"இத்தன எடத்துலயா? மாத்தி அடிச்சிக் கொண்டா."

மாற்றி அடித்தேன். எல்லாருக்கும் 'ன்'. அப்பாவின் வரிக்கு வந்ததும் கை தவறும் என்று எதிர்பார்த்தேன். தவறவில்லை. ஹையர் பாஸ் பண்ணின கை, ஒரு பிழை இல்லாமல் அடித்துவிட்டது. வந்தான். கைநாட்டு வைத்தான். உடல்நலக் குறைவு என்றான். ஏட்டு அதை வாங்கிப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மற்ற தாள்களோடு சேர்த்து நூல் கோத்தார்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஒவ்வொரு முதல் திங்கட்கிழமையும் அப்பா மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குத்தான் வருவார். அந்த வேளையில் நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுக்குப் பின்னால் போய்விடுவேன். அப்படிச் செய்யலாம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு தடவை நான் கொஞ்சம் சீக்கிரம் திரும்பிவிட்டேன். அப்பா கேட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார், புதுத் துண்டு தோளில். நான் கூப்பிடவில்லை. மேசைக்கு வந்தபோது மிஷின் மேல் நாலு கொய்யாப்பழம் இருந்தது. ஏட்டு பேப்பர் படிப்பது போல் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனால் நாங்கள் சாமையைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம். ஸ்டேஷன் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வரவே வராது.

பிறகு பரீட்சை எழுதிப் பாஸானேன். கணியம்பாடியில் யூனியன் ஆபீஸில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கே ரோட்டு வேலைக் கணக்கும் கிணற்றுக் கடனும்தான், யாருக்கும் 'ன்' போட வேண்டியதில்லை. கல்யாணமும் ஆனது. எண்பதுகளில் ஒரு நாள் ஏட்டு கணியம்பாடிக்கே வந்தார், ரிட்டயர் ஆகப் போகிறவர், நரைத்த தாடி வைத்திருந்தார். "ஒங்கப்பா தாள மூடச் சொல்லி ஆர்டர் வந்துடுச்சி. இனிமே கைநாட்டு வெக்க வேணாம். தபால்ல சொல்ல வேணாம், நேர்ல சொல்லலாம்னு வந்தேன்" என்றார். அவரை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்ல வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

அந்த ஞாயிறு ஊருக்குப் போய்ச் சொன்னேன். அப்பா புளி அடித்துக்கொண்டிருந்தார், கோலை நிறுத்தவில்லை. அம்மாதான் அழுதாள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா கேட்டார்.

"அதுல என் போட்டோ ஒண்ணு ஒட்டி வெச்சிருப்பாங்க பாப்பா. ஜெயில்ல எடுத்தது. கேட்டா குடுப்பாங்களா?"

"அத எதுக்குப்பா?"

"என்ன எடுத்தது அது ஒண்ணுதான். அப்ப வயசும் கம்மி."

"அதெல்லாம் தரமாட்டாங்கப்பா" என்றேன். கேட்டுப் பார்க்கவே இல்லை. ஏட்டிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்று, என் அப்பா போட்டோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அப்போதும்.

அதற்குப் பதிலாக அடுத்த மாதம் அவரைப் போளூருக்கு ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்பா சட்டை போட்டுக்கொண்டார், என் கணவருடையது, தோள் கொஞ்சம் தொங்கியது. பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை. ஸ்டூடியோக்காரர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, "பெரியவரே, இங்க பாருங்க, லேசா சிரிங்க" என்றார். அப்பா சிரிக்கவில்லை, நேராகப் பார்த்தார். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

"அவ்ளோதான்" என்று ஸ்டூடியோக்காரர் சொல்வதற்கு முன்னாலேயே, யாரும் எதுவும் கேட்காமல், அப்பா ஸ்டூலில் அப்படியே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். வலது காது எங்கள் பக்கம் தெரிந்தது. கைகள் இரண்டும் தொடைமேல். சுவரைப் பார்த்தபடி அடுத்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்.

ஸ்டூடியோக்காரர் சிரித்துவிட்டார். "பெரியவர் சினிமாவுல நடிச்சவரு போல கீது. சைடு போஸ் எல்லாம் குடுக்குறாரு" என்றார்.

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. காது வரைக்கும் முகம் கறுத்தது. எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார், அவசரத்தில் அது கழலவில்லை. நான் போய்க் கழற்றிவிட்டேன்.